விரல் நீட்டாத வீட்டுக்காரம்மா

பென்னாகரத்தில் நாங்கள் ஏழு வருடம் குடியிருந்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரம்மா எதையும் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒகேனக்கல் சாலையிலிருந்து பிரிகிற சின்னத் தெரு அது. வழி தவறி உள்ளே வரும் டூரிஸ்ட் வண்டிக்காரர்கள் அவரிடம்தான் வந்து மாட்டுவார்கள். அவர் ஐந்து விரல்களையும் மடக்கி, முஷ்டியை ஒரு பக்கமாக ஆட்டி, "அங்க போயி, அந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். முஷ்டிக்குத் திசை ஏது? அவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்து மறுபடி கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பூசணி. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பூசணியோ சுரையோ பீர்க்கோ, விரலை மடக்கித்தான் காட்டுவார்கள். ஆனால் மற்றவர்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் விரலை நிமிர்த்திக்கொள்வார்கள். இந்த அம்மா நிமிர்த்தவே இல்லை. பழக்கம் கைக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஒரு முறை கண் பரிசோதனை முகாமுக்கு அவரை நான்தான் கூட்டிப் போனேன். சுவரில் மூன்று கால் உள்ள எழுத்தைக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரலால் காட்டச் சொன்னார்கள். அம்மா முஷ்டியைத் தூக்கிக் காட்டினார். "விரலைக் காட்டுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். மறுபடியும் முஷ்டி. பாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டி, பாட்டில் அடி கனத்துக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் அதைப் போட்டுக்கொண்டு தலைவலி தலைவலி என்று படுத்தினார். எனக்குச் சிரித்து மாளவில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. பக்கத்துத் தனியார் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. எதைப் பார்த்தாலும் காரணம் சொல்லாமல் விடமாட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம். மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே பாறை. போர் தண்ணீரோ குடிக்கிறவர்கள் பல்லிலேயே கறை ஏற்றுகிற தண்ணீர், கொடி பாவம் என்ன செய்யும்? அதில்தான் அம்மா ஆடியிலும் தையிலும் சர்க்கரைப் பூசணி போடுவார். விதையைச் சாணிப்பாலில் ஊறவைத்து, குழிக்கு நாலாகப் போட்டு, முளைத்ததில் இரண்டை மட்டும் விட்டுவைப்பார். இரண்டு இலை விரிந்ததுமே சிவப்பு வண்டு வந்துவிடும். பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை இலை இலையாகத் தூவ வேண்டும். அவருடைய தாய்வழி எல்லைக்கு அந்தப் பக்கம். வண்டுகளைத் திட்டும்போது மட்டும் கன்னடம் வரும். மனிதர்களைத் திட்ட அவருக்கு எந்த பாஷையும் தெரியாது.

வண்டு போனால் இலையெல்லாம் வெள்ளையாக மாவு பூக்கும். புளித்த மோரைக் கரைத்துத் தெளிப்பார். அது அடங்கினால் வேலி தாண்டி ஆடு வரும், ஒகேனக்கல் பக்கமிருந்து குரங்கு வரும். ஒரு நாள் பாதிக் கொடியை ஆடு மேய்ந்துவிட்டது. யாருடைய ஆடு என்று அம்மா பார்த்திருக்கிறார். நான் கேட்டேன்.

"ஆடுதானுங்க டீச்சர்."

"யார் வீட்டு ஆடுங்க?"

"வேலிதான் சரியில்ல. நான்தான் கட்டாம வுட்டுட்டேன்."

அவ்வளவுதான். குழாயடியில் யார் பைப்பை உடைத்தார்கள், யார் குப்பையைக் கால்வாயில் கொட்டினார்கள், எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். வாயில் வராது. தெருவில் சண்டை வந்தால் இரண்டு தரப்பும் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இரண்டு தரப்பும் கோபித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது பெரிய குணமாகத் தெரிந்தது. என் மாமியாரிடமே அவரை உதாரணம் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் விரல் விஷயத்தை என்னால் விட முடியவில்லை. கொடியில் நாலு பிஞ்சு நின்ற ஒரு நாள், அவர் கடைக்குப் போயிருந்தபோது, இரண்டு பிஞ்சுகளை மட்டும் நன்றாக விரல் நீட்டிக் காட்டினேன். மற்ற இரண்டைக் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் சோதனை செய்கிற மாதிரிதான். பத்து நாளில், காட்டிய பிஞ்சில் ஒன்று அழுகியது, ஒன்று தேறியது. காட்டாத பிஞ்சிலும் ஒன்று உதிர்ந்தது. வெற்றியோடு போய் விளக்கினேன். அழுகியதைப் பிளந்து, உள்ளே நெளிகிற புழுவைக் காட்டி, இது பழ ஈ முட்டை வைத்த வேலை என்றேன். உதிர்ந்தது மகரந்தம் சேராததால் என்றேன். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் விடிகாலையில் தடவிவிட்டால் பிஞ்சு நிற்கும் என்று செய்தும் காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "நீங்க காட்டினதை நான் பாத்தனுங்க டீச்சர். சந்துல வந்துட்டு இருந்தேன்."

"பாத்துட்டு ஏன் கேக்கலை?"

"என்னத்தக் கேக்கறது? ஒண்ணு போச்சு. வுடுங்க."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் மறுநாளிலிருந்து பிஞ்சுகளுக்குப் பழைய சேலைத் துணியில் பை தைத்துக் கட்ட ஆரம்பித்தார். விடிகாலையில் ஆண் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொடிக்குள் நிற்கவும் ஆரம்பித்தார். பூசணிப் பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும் அல்லவா? ஐந்தரை மணிக்கெல்லாம் தோட்டத்தில் இருப்பார். அந்த வருடம் ஒன்பது காய் காய்த்தது. தெரு முழுக்கக் கொடுத்தார். நான் பாடம் நடத்திக் காய்த்த காய் என்று நானும் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த விடிகாலைப் பழக்கம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஆறு வருடத்துக்கு முன்பு, தை மாதக் கொடி பூத்திருந்த சமயம். குளியலறை வீட்டுக்கு வெளியே, தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஒரு நாள் ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு, கழற்றி ஆணியில் மாட்டிய என் செயினை மறந்து வந்துவிட்டேன். ஏழு மணிக்கு ஞாபகம் வந்து ஓடினால், ஆணி மட்டும் இருக்கிறது. ஆறரைக்கு மாதம்மா வந்து பின்பக்கம் பாத்திரம் தேய்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு அவள்தான் வேலை செய்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். முந்தின வாரம்தான் மூத்தவளுக்குப் பாடப் புத்தகம் கேட்டு என்னிடம் வாங்கிப் போயிருந்தாள்.

வீட்டில் நான், என் கணவர், வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்த கொழுந்தன், மூன்று பேர்தான். வெளியாள் என்றால் மாதம்மா. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதலில் தோட்டத்துக்குத்தான் ஓடினேன்.

"அம்மா, விடியறப்ப இருந்து நீங்க இங்கதானே நின்னீங்க? பாத்ரூம் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

அம்மா பூவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மடக்கிய கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "நான் கொடியைத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

அந்தப் பதிலை நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன். தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாதம்மாவை நோக்கி விரலை நீட்டினேன். "இவதான் எடுத்தா" என்றேன். அவள் எழுந்து, மாவு அப்பிய கையோடு, "டீச்சர், நான் அந்தப் பக்கமே போவலீங்க, எம் புள்ளைங்க மேல சத்தியங்க" என்றாள். நாலு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் வந்து சுவரோரம் நின்றார். மாதம்மா அவரைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றாள். அவர் குனிந்துகொண்டார்.

போலீசுக்குப் போகவில்லை, அந்தப் பெருந்தன்மையை மட்டும் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்தில் அவள் ஊரை விட்டே போனாள். அப்புறம் என் கணவருக்கு மாற்றலாகி நாங்களும் தர்மபுரிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரம்மா மட்டும் வருடம் தவறாமல், பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாவது, காய் அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வருடம் என் மாமியார் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் படுத்திருந்த மத்தியானம், கொழுந்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இப்போது ஓசூரில் நல்ல வேலை, மனைவி, கைக்குழந்தை, கார் எல்லாம் உண்டு.

"அண்ணி, அந்தச் செயினு நான்தான் எடுத்தேன்" என்றான். "அப்ப செல்லுல காசு வெச்சுச் சீட்டாடிப் பழகியிருந்தேன். அம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தேன், அவங்க போயிட்டாங்க. உங்ககிட்டயாச்சும் சொல்லிடறேன்."

அவனே மேலே சொன்னான்.

"அந்த வூட்டுக்காரம்மா பாத்துட்டாங்க. கையில பூவை வெச்சுக்கிட்டுக் கொடிக்குள்ள நின்னாங்க. நேருக்கு நேரா பாத்தோம். சொல்லிடுவாங்கன்னு பத்து நாள் எனக்குச் சோறு எறங்கல. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல அண்ணி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி பென்னாகரம் போனேன். அம்மா காய்க்கு அடியில் வைக்கோலைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். தரையில் பட்டால் அடி அழுகிவிடும், அதற்காக. நான் உட்காரக்கூட இல்லை.

"ஏங்க சொல்லலை?"

எதை என்று அவர் கேட்கவில்லை. வைக்கோலைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அந்தத் தம்பிக்கு என்னா வயசுங்க?"

"இருபத்திரண்டு."

"பிஞ்சுங்க டீச்சர். வேலை அமையல, பொண்ணு கட்டல. நான் கையைக் காட்டியிருந்தா அந்தப் பேரோடயே அழுகிப் போயிருப்பான். இன்னைக்குப் பாருங்க, புள்ள குட்டின்னு நல்லா இருக்கறான்."

"அப்ப மாதம்மா?"

"அவ முத்துன காய்ங்க." கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "புருசன் போன பின்னாடி ரெண்டையும் ஒண்டியா வளத்தவ. முத்துன காய்க்கு எந்த விரலும் ஒண்ணும் பண்ணாது. நகம்கூட எறங்காதுங்க. அவ தாங்குவான்னு எனக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். கத்த முடியவில்லை. விரல் நீட்டியது நான்தானே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்று இவர் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில், மனதின் ஒரு மூலையில் அவருக்கு நன்றியும் இருந்தது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மாதம்மா ஒகேனக்கலில் இருப்பதாக அம்மாதான் விசாரித்துச் சொன்னார். அங்கிருந்தே பஸ் ஏறினேன். மீன் வறுவல் கடைகளுக்குப் பின்னால், வரிசையாக உட்கார்ந்து மீன் கழுவுகிற பெண்களில் ஒருத்தியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள், அன்று எழுந்த மாதிரியே.

"மாதம்மா, நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. என்னை மன்னிச்சுடு."

அவள் கையிலிருந்த செதிலைத் துடைத்தாள்.

"யாருங்க எடுத்தது?"

"வேற ஆளு. வீட்டுக்காரம்மா கண்ணால பாத்திருக்காங்க" என்றேன். யார் என்பதை மென்று விழுங்கினேன். அவளும் துருவவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர், நான் தாங்கிக்கிட்டேன். எம் பெரிய பொண்ணுதான் தாங்கல. அன்னைக்கு நீங்க கையைக் காட்டினப்ப அது யூனிபாரம் போட்டுக்கிட்டுத் தெருமுக்குல நின்னுது. அதோட பள்ளிக்கூடத்துல திருடி மவளேன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பத்தாவது பாதியில நின்னுடுச்சு. திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு. அஞ்சு வருசமா வூட்டுக்கு வரலீங்க."

"ஏன்?"

"நான் எடுத்துட்டன்னு அதுவே நம்புதுங்க." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எனக்குப் புஸ்தகம், நோட்டுன்னு வாங்கத்தானே எடுத்த, ஒத்துக்கோன்னு கேக்குது. இல்லடின்னா போனை வெச்சுருது. டீச்சர், நீங்க வந்து அதுகிட்டச் சொல்றீங்களா? நான் சொன்னா நம்பல."

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் அழுதேன். பென்னாகரத்தில் மறுபடி இறங்கி, அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கொடியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு என்னா வயசு?"

"பதினாலு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பிஞ்சு அழுகி நான் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அவர் இப்படி உட்கார்ந்ததில்லை. "அது நின்னதை நான் பாக்கலீங்களே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். நீங்க சொன்னா, அவங்கம்மாவுக்காகச் சொல்றீங்கன்னு அது நினைக்கும். நான் பாத்தவ. யாருன்னு பேரைச் சொல்லி நானே சொல்லிடறேன். அப்பத்தான் அது நம்பும்."

வாழ்நாளில் யாரையும் காட்டாதவர் காட்டுகிறேன் என்று சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த வாரம் போலாங்க" என்றேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னதும், "பழசைக் கெளறாத. தம்பி பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னாகும்? கைக்குழந்தை வேற" என்றார். பரீட்சை நேரம் வந்தது. அப்புறம் வெயில். அம்மா இரண்டு முறை போன் செய்தார். "டீச்சர், எப்பங்க போறது? நான் சேலையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்." அடுத்த வாரம் என்றேன். மூன்றாவது முறை அவர் பெயர் திரையில் தெரிந்தது. நான் எடுக்கவில்லை. நாள் முழுக்க அந்த போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் அவர் போய்விட்டார். பொம்மிடியில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள்தான் தகவல் சொன்னாள். போய்ப் பார்த்தேன். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக அந்தக் கையைப் பிரித்து வைத்திருந்தார்கள். விரல்கள் ஐந்தும் நிமிர்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் மாதம்மா போன் செய்தாள். "அந்தம்மா போயிட்டாங்களாமே டீச்சர். அவங்கதான் பாத்தவங்கன்னு சொன்னீங்க. இனிமே யாருங்க எம் பொண்ணுகிட்டச் சொல்றது?"

"நான் இருக்கேன் மாதம்மா" என்றேன்.

இருக்கிறேன். திருப்பூருக்குப் பஸ் தினமும் போகிறது. மாதம்மா கொடுத்த அந்தப் பெண்ணின் கம்பெனி விலாசம் என் கைப்பைக்குள் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவைப் பற்றி எழுதினாலாவது துணிச்சல் வரும் என்று நினைத்து, எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொழுந்தனின் பேரை மட்டும் இங்கேயும் எழுதவில்லை.